அந்த ‘டக்’ சத்தம் எங்கே போனது? கார் ஏசி கிளட்ச்: புதியவர்களுக்கு ஒரு விளக்கம்

காரின் பானட்டைத் திறந்துவைத்து எஞ்சினை ஓடவிட்டு, உள்ளே இருப்பவரிடம் “ஏசியைப் போடு” என்று சொல்லுங்கள். எஞ்சினின் ஓரத்திலிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம் வரும். எஞ்சின் ஒரு நொடி தம் கட்டி, பிறகு சமாளித்துக்கொண்டு ஓடும். ரேடியேட்டர் பக்கம் ஃபேன் சுழலத் தொடங்கும். ஏசி வேலை செய்கிறது என்பதற்கான முதல் அறிகுறி கையில் படும் குளிர்காற்று அல்ல, இந்த ‘டக்’தான். ஏசி குளிரவில்லை என்று யார் சொன்னாலும் நான் முதலில் கேட்பது, “டக் என்று கேட்கிறதா?”

கேட்கவில்லை என்றால் பெரும்பாலானவர்கள் அடுத்து சொல்வது “கேஸ் போயிருக்கும்”. இருக்கலாம். ஆனால் அந்தச் சத்தம் வராமல் போக ஒரு டஜன் காரணங்கள் உண்டு. கேஸ் அதில் ஒன்றுதான். என் கார் ஒரு கோடை முழுக்க என்னைப் படுத்தியபோது இரண்டு முறை கேஸ் மாற்றினேன். குறை கேஸில் இல்லவே இல்லை. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். முதலில் அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடலாம்.

மூன்று துண்டு, ஒரு காந்தம்

ஏசியின் இதயம் கம்ப்ரசர். கேஸை அழுத்திச் சூடாக்கி முன்னால் உள்ள கண்டென்சருக்கு அனுப்புவதும், உள்ளே குளிர்ந்த கேஸைத் திரும்ப இழுப்பதும் அதன் வேலை. அதைச் சுழற்றும் பலம் எஞ்சினிலிருந்து பெல்ட் வழியாக வருகிறது. இங்கேதான் சிக்கல். எஞ்சின் ஓடும்வரை பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கும், கம்ப்ரசரோ எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கக்கூடாது. ஏசி தேவைப்படாதபோது வீணாக எஞ்சினின் பலத்தைத் தின்னும். தேவைப்படும்போதும் இடைவிடாமல் ஓடினால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் குளிர்ச்சிச் சுருள் பனிக்கட்டி பிடித்து அடைத்துக்கொள்ளும். ஆகவே பெல்ட் ஓடும்போதே கம்ப்ரசரை மட்டும் சேர்க்கவும் பிரிக்கவும் ஓர் ஏற்பாடு வேண்டும். அதுதான் கிளட்ச். கால் வைத்து மிதிக்கும் கியர் கிளட்ச்சுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கம்ப்ரசரின் முன்பக்கத்தில் மூன்று துண்டுகள் அடுக்கி வைத்ததுபோல் இருக்கும். உள்ளே, கம்ப்ரசரின் உடலோடு அசையாமல் பொருத்தப்பட்டிருப்பது காயில், அதாவது செப்புக் கம்பிச் சுருள். அதன் மேல் குல்லா கவிழ்த்ததுபோல் பெல்ட் ஓடும் புல்லி. நடுவில் ஒரு பேரிங் இருப்பதால் புல்லி தன்பாட்டுக்குச் சுழலும், கம்ப்ரசரின் அச்சைத் தொடாது. எல்லாவற்றுக்கும் முன்னால், கண்ணுக்குத் தெரியும் இடத்தில், வட்டமான இரும்புத் தகடு ஒன்று. மெக்கானிக்குகள் கிளட்ச் பிளேட் என்பார்கள். இந்த பிளேட்தான் கம்ப்ரசர் அச்சோடு பற்களால் கோத்துக்கொண்டிருப்பது. பிளேட் சுழன்றால் கம்ப்ரசர் சுழலும். சாதாரண நேரத்தில் மெல்லிய ஸ்பிரிங் பட்டைகள் (சிலவற்றில் ரப்பர்) பிளேட்டைப் புல்லியிலிருந்து சற்றே விலக்கிப் பிடித்திருக்கும்.

பள்ளியில் இரும்பாணியின்மேல் கம்பி சுற்றி, பேட்டரியில் இணைத்து, குண்டூசி தூக்கியிருப்போமே, இதுவும் அதேதான். காயிலுக்குள் மின்சாரம் பாய்ந்ததும் புல்லியே காந்தமாகி, எதிரே நிற்கும் பிளேட்டை வெடுக்கென்று இழுத்து ஒட்டவைக்கும். அந்த மோதல்தான் ‘டக்’. மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் பிளேட்டை விடுவிக்கும். புல்லியின் முகத்தில் வளைந்த நீள்துளைகள் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். எடை குறைக்கத்தான் அவை என்று நான் வெகுகாலம் நினைத்திருந்தேன். காந்தப் புலம் புல்லிக்குள்ளேயே சுற்றிவிட்டுப் போகாமல், பிளேட்டுக்கும் புல்லிக்குமாகப் பலமுறை தாவிப் போகவேண்டும் என்பதற்காக வெட்டிய துளைகள் அவை. தாவல் அதிகமானால் பிடியும் அதிகம்.

பிளேட் விலகி நிற்கும் தூரம் எவ்வளவு தெரியுமா? பல கார்களில் 0.3 முதல் 0.6 மி.மீ. வரைதான். சரியான எண் கம்ப்ரசருக்குக் கம்ப்ரசர் மாறும், அந்தந்த சர்வீஸ் கையேட்டில் இருக்கும். ஏடிஎம் அட்டையின் கனம் 0.76 மி.மீ. அந்த அட்டை தாராளமாக நுழைகிறது என்றாலே இடைவெளி மிஞ்சிவிட்டது. இந்த மயிரிழை இடைவெளியை மறந்துவிடாதீர்கள். என் கோடைக்காலத்தைக் கெடுத்தது இதுதான்.

முதல் கேள்வி: கட்டளை வந்ததா?

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். கிளட்ச் தானாக எதையும் முடிவு செய்வதில்லை. மின்சாரம் வந்தால் ஒட்டும், நின்றால் விடும். ஒட்டவில்லை என்றால், மின்சாரம் வந்தும் ஒட்டவில்லையா, மின்சாரமே வரவில்லையா என்பதைப் பிரித்துவிட வேண்டும். பாதிப் பழுது பார்த்தல் இதிலேயே முடிந்துவிடும். இதைச் செய்யாமல் கம்ப்ரசரைக் கழற்றுகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சம் கோபம் உண்டு.

கட்டளை வரும் பாதை நீளமானது. நீங்கள் பொத்தானை அழுத்துகிறீர்கள். அந்தக் கோரிக்கை எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அது சுற்றுமுற்றும் விசாரிக்கும். கேஸ் அழுத்தம் சரியாக இருக்கிறதா? மிகக் குறைந்தால், ஆர்-134ஏ (பல கார்களில் உள்ள ஏசி கேஸ்) அமைப்புகளில் ஏறத்தாழ 2 பார் (அழுத்தத்தின் அலகு) அளவில், கம்ப்ரசர் எண்ணெயின்றிக் கெடாமல் இருக்க மறுத்துவிடும். மிக அதிகமானால், அதாவது 30 பார் பக்கம் நெருங்கினால், குழாய் வெடிக்காமல் இருக்க மறுத்துவிடும். உள்ளே குளிர்ச்சிச் சுருள் உறைநிலையை நெருங்கிவிட்டதா? எஞ்சின் கொதிக்கிறதா? ஓட்டுநர் ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்து முந்திக்கொண்டிருக்கிறாரா? எல்லாம் சரி என்றால்தான் ரிலேவுக்கு, அதாவது சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச்சுக்கு, தலையசைக்கும். ரிலே ‘கிளிக்’ என்று மூடி, ஃபியூஸ் வழியாக வரும் பேட்டரி மின்சாரத்தைக் காயிலுக்கு அனுப்பும். பழைய கார்களில் கம்ப்யூட்டர் இல்லாமல் இந்த ஸ்விட்ச்சுகளே ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கோத்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சோதனைக்கு முன் ஒரு வார்த்தை. ஓடும் பெல்ட்டின் பக்கத்தில் தொங்கும் துணி, சட்டைக் கை, தலைமுடி, கைக்கடிகாரம் எதுவும் போகக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் எஞ்சின் நின்ற பிறகும் திடீரென்று சுழலும். கண்ணால் பார்க்கிற வேலையை மட்டும் எஞ்சின் ஓடும்போது செய்யுங்கள், கை வைக்கிற வேலை எல்லாம் நிறுத்திய பிறகு.

எஞ்சினை ஓடவிட்டு, ஏசியைப் போட்டு, ப்ளோயரையும் உயர்த்தி வைத்துவிட்டு, டார்ச் அடித்து புல்லியின் நடுவைப் பாருங்கள். வெளிவட்டம் மட்டும் சுழன்று நடுவில் உள்ள பிளேட் சும்மா நிற்கிறதா? கிளட்ச் சேரவில்லை. இரண்டும் சேர்ந்து சுழல்கின்றனவா? கிளட்ச் தன் வேலையைச் செய்துவிட்டது, குளிராததற்குக் காரணம் வேறெங்கோ இருக்கிறது. சேர்ந்து சேர்ந்து சில நொடிகளுக்கு ஒருமுறை பிரிகிறதா? அப்போதுதான் கேஸ் குறைவைச் சந்தேகிக்க வேண்டும். கம்ப்ரசர் ஓடியதும் இழுக்கும் பக்கத்து அழுத்தம் சரேலென்று இறங்கி ஸ்விட்ச் துண்டிக்கிறது, நின்றதும் மேலே ஏறி மறுபடி சேர்க்கிறது.

சேரவே இல்லை என்றால் எஞ்சினை நிறுத்துங்கள். ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எந்த ஃபியூஸ், எந்த ரிலே என்று வரைபடம் இருக்கும். ஃபியூஸைப் பிடுங்கிப் பாருங்கள். போயிருந்தால் புதிது போடலாம், ஆனால் அதே ஆம்பியர்தான் போடவேண்டும். போட்ட உடனே மறுபடியும் போனால் பெரிய ஃபியூஸ் தேடாதீர்கள், எங்கோ ஷார்ட் இருக்கிறது. காயில் கம்பி உரசி உடலைத் தொட்டிருக்கலாம். அல்லது காயிலோடு சேர்த்து வைத்த டயோடு ஷார்ட் ஆகியிருக்கலாம். காயிலில் மின்சாரத்தை வெட்டும்போது எழும் எதிர் அதிர்வு கம்ப்யூட்டரைத் தாக்காமல் விழுங்கிவிடுவதற்காக வைத்தது அந்த டயோடு. சின்னப் பொருள்தான், அது செத்தால் நேராக ஃபியூஸைத்தான் கொல்லும்.

ரிலேவைச் சோதிக்க எளிய வழி, அதே எண், அதே வடிவில் பக்கத்தில் ஒன்று இருந்தால் இடம் மாற்றிப் போடுவது. பல கார்களில் ஹாரன் ரிலே பொருந்திவிடும். மாற்றியதும் ஏசி ஓடி ஹாரன் ஊமையாகிவிட்டால் வேலை முடிந்தது.

அதுவும் சரி என்றால் காயிலின் கனெக்டருக்கு வாருங்கள். இங்கே மல்டிமீட்டரைவிட பழைய டெஸ்ட் விளக்கு நல்லது என்பது என் கருத்து. உப்புப் பூத்து ஓர் இழையில் தொங்கும் கம்பிகூட மல்டிமீட்டரில் அழகாக 12 வோல்ட் காட்டும், ஏனென்றால் மீட்டர் மின்சாரம் எதையும் இழுப்பதில்லை. காயிலுக்கோ 3, 4 ஆம்பியர் வேண்டும். அவ்வளவு இழுத்தால் அந்த ஒற்றை இழை கைவிட்டுவிடும். பிரகாசமான பல்ப் உள்ள டெஸ்ட் விளக்கு மங்கி எரிந்து அந்தக் குட்டை உடைத்துவிடும். மீட்டர்தான் கையில் இருக்கிறது என்றால், கனெக்டரைப் பிடுங்காமல், காயில் இணைந்திருக்கும்போதே பின்புறமாக முனையைச் செருகி அளக்கவேண்டும். பேட்டரியில் உள்ள வோல்ட்டுக்கும் அங்கே வருவதற்கும் அரை வோல்ட்டுக்குமேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. ஒற்றைக் கம்பி மட்டுமே வரும் காயில் என்றால் எர்த் கம்ப்ரசரின் உடல் வழியாகத்தான் போகிறது. துருப்பிடித்த போல்ட் ஒன்றே கதையைக் கெடுத்துவிடும்.

ஏசி போட்டும் மின்சாரம் இங்கே வரவில்லை, ஃபியூஸும் ரிலேவும் சரி என்றால், மேலிடத்தில் யாரோ மறுத்திருக்கிறார்கள். கேஸ் அழுத்தம் பார்க்கவேண்டிய நேரம் இதுதான், இதற்கு முன்னால் அல்ல. இதில் ஒரு பொறி உண்டு. 30 டிகிரி வெப்பத்தில், நிறுத்தி வைத்த காரில், ஆர்-134ஏ இரண்டு பக்கமும் ஏறத்தாழ 6.7 பார் காட்டும். கேஸ் நிறைய இருந்தாலும் அதேதான், பாதி இருந்தாலும் அதேதான். உள்ளே ஒரு துளி திரவம் மிச்சம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பம் மட்டுமே. அளவு எவ்வளவு என்று தெரிய, முழுக்க மீட்டெடுத்து எடை பார்க்கவேண்டும். அந்த இயந்திரம் வைத்திருப்பவரிடம் விட்டுவிடுங்கள். குழாயைத் தளர்த்தி நாமே வெளியேற்றும் விளையாட்டு வேண்டாம். வெளிக்காற்றில் ஆர்-134ஏ மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். விரலிலோ கண்ணிலோ பட்டால் உறைந்துபோகும். புதிய கார்களில் வரும் ஆர்-1234ஒய்எஃப் தீப்பிடிக்கவும் கூடியது.

இரண்டாம் கேள்வி: கட்டளை வந்தும் ஏன் பணியவில்லை?

கனெக்டரில் நல்ல 12 வோல்ட் வருகிறது, பிளேட் அசையவில்லை. இப்போது குற்றவாளி கிளட்ச்தான். இரண்டு பேரைத்தான் சந்தேகிக்க வேண்டும், காயில், இடைவெளி.

காயிலை முதலில் முடித்துவிடலாம். கனெக்டரைப் பிடுங்கி மீட்டரை ஓம் அளவில் வைத்து காயிலின் இரு முனைகளையும் தொடுங்கள். குளிர்ந்த நிலையில் பெரும்பாலான 12 வோல்ட் காயில்கள் 3 முதல் 5 ஓம் காட்டும். எண்ணே வராவிட்டால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. சில கம்ப்ரசர்களில் அளவுக்குமேல் சூடானால் அறுந்துபோகும் வெப்ப ஃபியூஸ் ஒன்றைக் காயிலின் பாதையில் வைத்திருப்பார்கள், அதுவாகவும் இருக்கலாம். சுழியத்துக்கு அருகில் காட்டினால் ஷார்ட். இரண்டிலும் காயிலை மாற்றுவதுதான் வழி.

காயில் நன்றாக இருக்கிறது, மின்சாரமும் வருகிறது, ஆனாலும் பிளேட் வரவில்லை. இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள், நானும் விட்டேன்.

என் கார் காலையில் நன்றாகக் குளிரும். முக்கால் மணி நேரம் ஓட்டினால், அதுவும் நெரிசலில் நின்று நின்று போனால், மெல்ல வெறும் காற்றுதான் வரும். நிறுத்திவைத்து அரைமணி கழித்து எடுத்தால் மறுபடியும் குளிரும். பட்டறையில் விடும் நேரத்துக்குக் கார் ஆறியிருக்கும், ஏசி ஜம்மென்று வேலை செய்யும். “கேஸ் கொஞ்சம் குறைச்சல்” என்று நிரப்பிக் கொடுத்தார்கள். பத்து நாளில் அதே கதை. நெடுஞ்சாலையில் மட்டும் மணிக்கணக்காகக் குளிர்வது ஏன் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.

விளங்க ஒரு சிறு கணக்குப் போதும். பிளேட் புல்லியில் சேரும் ஒவ்வொரு முறையும் இரண்டு முகங்களும் உரசிக் கொஞ்சம் தேயும். ஆண்டுக்கணக்கில் அந்தத் தேய்மானம் சேர்ந்து 0.4 மி.மீ. இடைவெளி 0.8 ஆகிவிடுகிறது. காந்தத்தின் இழுவிசை தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். இடைவெளி இரட்டிப்பானால் இழுப்பு ஏறக்குறைய கால்பங்காகிவிடும். இதோடு சூடு வேறு. செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் கூடுதலாக மின்சாரத்தைத் தடுக்கும். 20 டிகிரியில் 3.6 ஓம் இருக்கும் காயில், எஞ்சின் சூட்டில் 100 டிகிரிக்குப் போனால் 4.7 ஓம். பாயும் மின்சாரம் 3.3 ஆம்பியரிலிருந்து 2.5 ஆகக் குறையும். இழுவிசையோ மின்சாரத்தின் வர்க்கம், ஆகவே 40 சதவீதம் காணாமல் போகிறது. காலையில் எப்படியோ எட்டிப் பிடித்த பிளேட், மதியத்தில் எட்டாது.

நெடுஞ்சாலைப் புதிரும் இதில் அவிழ்ந்துவிடும். ஒருமுறை ஒட்டிக்கொண்டால் இடைவெளி சுழியம், பிறகு பலவீனமான காந்தம்கூட இறுக்கிப் பிடித்துவிடும். பிடித்தபிடி விடாமல் ஓடும்வரை குறை தெரியாது. நெரிசலில் நின்று நின்று போகும்போது ஏதோ காரணத்துக்காகக் கம்ப்யூட்டர் ஒருமுறை பிரித்துவிட்டு மறுபடி சேர் என்று சொல்லும்போதுதான், தாண்ட முடியாமல் நின்றுவிடும். ஆக, குளிர்ந்தால் வேலை செய்து சூடானால் மறுக்கும் கிளட்ச் என்றால் முதலில் இடைவெளியை அளந்துவிடுங்கள். கேஸைத் தொடாதீர்கள்.

இதை உறுதி செய்ய ஒரு சோதனை உண்டு. குறை தோன்றியிருக்கும்போதே, எஞ்சின் சூடாக இருக்கும்போதே செய்யவேண்டும். எஞ்சினை நிறுத்துங்கள். ஏசி ரிலேவைப் பிடுங்கி, அதன் கூட்டில் 30, 87 என்று எண்ணிட்ட இரு துளைகளையும் ஃபியூஸ் வைத்த ஒரு துண்டுக் கம்பியால் இணையுங்கள். கட்டளைப் பாதையெல்லாம் தாண்டி மின்சாரம் நேரே காயிலுக்குப் போகும். சில கார்களில் இதற்குச் சாவியை ஆன் நிலையில் வைக்கவேண்டியிருக்கும். சத்தம் வரவில்லையா? ஒரு மரக்குச்சியால் பிளேட்டைப் புல்லியை நோக்கி மெல்லத் தள்ளுங்கள். ‘டக்’ என்று பிடித்துக்கொண்டு குச்சியை எடுத்த பிறகும் ஒட்டியே நின்றால், காயில் பிழைத்திருக்கிறது, இடைவெளிதான் கூடியிருக்கிறது. ஓடும் எஞ்சினில் குச்சியால் தட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். குச்சி பெல்ட்டில் சிக்கினால் எந்தப் பக்கம் பறக்கும் என்று யாருக்கும் தெரியாது.

இதே நிலையில் கம்பியை எடுத்துவிட்டு, பிளேட்டைக் கையால் சுழற்றிப் பாருங்கள். சற்றுப் பிசுபிசுப்பான எதிர்ப்போடு சுழன்றால் கம்ப்ரசர் நலம். அசையவே மறுத்தால் கம்ப்ரசர் உள்ளே இறுகிவிட்டது, கிளட்ச்சை மாற்றிப் பயனில்லை. புதுக் கிளட்ச் அன்றே புகைந்துவிடும்.

சத்தமும் வாசனையும்

ஏசி அணைந்திருக்கும்போதும் அந்தப் பக்கம் ‘கொரகொர’ என்று இரைந்தால் புல்லி பேரிங்கைச் சந்தேகியுங்கள், ஏசியைப் போட்டதும் சத்தம் மாறவும் செய்யலாம். அந்த பேரிங்கின் உள்வளையம் கம்ப்ரசரின் அசையாத உடலில் நிற்கிறது, வெளிவளையம் புல்லியோடு சுழல்கிறது, ஆகவே எஞ்சின் ஓடும்வரை ஏசி போட்டாலும் அணைத்தாலும் பேரிங் சுழன்றுகொண்டேதான் இருக்கும். மாறாக, ஏசி போட்டால் மட்டும் இரைந்தால் கம்ப்ரசரின் உள்ளே பாருங்கள். பேரிங்கை அலட்சியம் செய்தால் ஒருநாள் புல்லி சாய்ந்து பெல்ட்டை உதறிவிடும். அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும் சில கார்களில் தண்ணீர்ப் பம்ப்பையும் ஓட்டுகிறது என்றால் கார் நடுரோட்டில் நின்றுவிடும்.

கருகிய வாசனை, பிளேட்டில் நீலம் பாரித்த வட்டம், சுற்றிலும் செம்பழுப்புத் தூள். இவை கிளட்ச் நழுவி உரசியதன் தடயம். பிளேட்டைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு என்றால் கம்ப்ரசர் அச்சின் சீல் கசிகிறது. எண்ணெயோடு கேஸும் போய்க்கொண்டிருக்கும். அதற்குக் கேஸை மீட்டெடுத்துத் திறந்தாக வேண்டும், வீட்டு வேலை அல்ல.

எதிர்ப்பக்கக் கோளாறும் உண்டு. பொத்தானை அணைத்தாலும் பிளேட் சுழன்றுகொண்டே இருக்கும், சிறிது நேரத்தில் உள்ளே காற்றே வராது, ஏனென்றால் குளிர்ச்சிச் சுருள் பனி மூடி அடைத்துக்கொண்டிருக்கும். ரிலேவைப் பிடுங்குங்கள். பிளேட் நின்றால் ரிலேயின் முனைகள் உள்ளே ஒட்டிப்போயிருக்கின்றன. நிற்காவிட்டால் பிளேட்டே புல்லியோடு உருகி ஒட்டிவிட்டது.

கழற்றிச் சரிசெய்வது

புதியவர்களுக்குத் தைரியம் தரும் செய்தி ஒன்று. காயில், புல்லி, பிளேட் மூன்றும் கம்ப்ரசரின் வெளியே இருப்பவை. பெரும்பாலான வடிவமைப்புகளில் கேஸ் குழாயைத் தொடாமலேயே மாற்றிவிடலாம். கை நுழைய இடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சிலவற்றில் பக்கவாட்டில் டயரைக் கழற்றினால் நேரே முகம் பார்க்கலாம். சிலவற்றில் குழாய்களோடே கம்ப்ரசரின் போல்ட்டுகளைக் கழற்றிச் சற்றுத் தாழ்த்தி வைக்கவேண்டும், குழாய் முறுக்கிக்கொள்ளாமல்.

பேட்டரியின் நெகடிவ் முனையைக் கழற்றுங்கள். பெல்ட் போகும் பாதையைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு, பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைத் தளர்த்திப் பெல்ட்டை விலக்குங்கள். இப்போது பீலர் கேஜ் (வெவ்வேறு கனமுள்ள மெல்லிய உலோகத் தகடுகளால் இடைவெளி அளக்கும் கருவி) எடுத்து, பிளேட்டுக்கும் புல்லிக்கும் நடுவில் மூன்று இடங்களில், சம தூரம் விட்டு அளந்து குறித்துக்கொள்ளுங்கள். மூன்று எண்களும் வெகுவாக வேறுபட்டால் பிளேட் வளைந்திருக்கிறது, அதை வைத்து மல்லுக்கட்டாமல் மாற்றிவிடலாம்.

நடுவில் உள்ள போல்ட்டைக் கழற்றவேண்டும். ஸ்பேனரைத் திருப்பினால் பிளேட்டும் கூடவே சுற்றும். அதைப் பிடிக்க ஒரு கருவி உண்டு. ஸ்க்ரூ டிரைவரைக் குத்தி நிறுத்தினால் பிளேட் வளையும், செய்யாதீர்கள். போல்ட் வந்ததும் சில பிளேட்டுகள் கையோடு வந்துவிடும், சில வராது. வராததற்குப் புல்லர், அதாவது இழுத்தெடுக்கும் கருவி, போடவேண்டும், நெம்பக்கூடாது.

பிளேட் வெளியே வரும்போது அச்சையே பார்த்துக்கொண்டிருங்கள். மோதிரத்தைவிடச் சின்னதாக, தாள் கனத்தில் ஒன்றிரண்டு வளையங்கள் பிளேட்டின் உட்குழியிலோ அச்சின் நுனியிலோ எண்ணெயோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அவைதான் ஷிம். இடைவெளியைத் தீர்மானிப்பவை இந்த வளையங்களே. கீழே விழுந்தால் எஞ்சின் அடியில் தேடி அலையவேண்டும். எனக்கு ஒன்று விழுந்தது. காந்தம் கட்டிய குச்சியோடு இருபது நிமிடம் தேடி, கடைசியில் அது என் செருப்பின் அடியில் ஒட்டியிருந்தது.

தேய்ந்த இடைவெளியை மீட்க ஷிம்மை எடுத்தால் போதும். என் காரில் அளந்தபோது 0.9 மி.மீ. உள்ளே இருந்த இரண்டில் ஒன்று 0.5 மி.மீ. கனம். அதை எடுத்துவிட்டால் 0.4 மிஞ்சும், என் கம்ப்ரசருக்குச் சொல்லப்பட்ட எல்லைக்குள். புதிய பொருள் எதுவும் வாங்காமல், இருந்ததில் ஒன்றை எடுத்து நான் செய்த ஒரே ரிப்பேர் இதுதான். எல்லா ஷிம்மையும் உருவிவிடாதீர்கள். இடைவெளி மிகக் குறைந்தால் ஏசி அணைந்தபிறகும் பிளேட் உரசிக்கொண்டே சூடேறும்.

காயில் போயிருந்தால் இன்னும் இரண்டு படி உள்ளே போகவேண்டும். புல்லியைப் பிடித்திருக்கும் சர்க்கிளிப்பை (திறந்த ஸ்பிரிங் வளையம்) அதற்குரிய பிளையரால் விரித்து எடுத்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு (அது துள்ளும்), புல்லியை இழுங்கள். அதன் பின்னால் இன்னொரு சர்க்கிளிப், அதற்குப் பின்னால் காயில். காயிலின் முதுகில் ஒரு சிறு முளை இருக்கும், கம்ப்ரசரின் உடலில் அதற்கான குழி. இரண்டும் சரியாக உட்காராமல் சர்க்கிளிப்பை அழுத்தினால் காயில் கோணலாக நின்று புல்லியை உரசி ஒரே நாளில் கெடும். பேரிங்கை மட்டும் மாற்றுவதென்றால் பிரஸ்ஸில் அழுத்தவேண்டும், அதுவும் புல்லியோடு பொருந்தும் வெளிவளையத்தை மட்டும். உள்வளையத்தில் அழுத்தினால் புதுப் பேரிங்கின் குண்டுகள் அங்கேயே தழும்பு பெறும். பிரஸ் இல்லாதவர்கள் பேரிங்கோடு சேர்ந்த புல்லியாக வாங்கிவிடுவது நல்லது.

பொருத்துவதற்கு முன் பிளேட், புல்லி முகங்களில் எண்ணெய், கிரீஸ் எதுவும் இருக்கக்கூடாது. பிரேக் கிளீனர் அடித்துச் சுத்தத் துணியால் துடையுங்கள். நடு போல்ட்டைக் கையேட்டில் சொன்ன டார்க்கில் (முறுக்கு அளவில்) இறுக்குங்கள். அது சின்ன போல்ட், ஆவேசம் காட்டினால் தலை உடைந்து அச்சிலேயே தங்கிவிடும். இறுக்கிய பிறகு இடைவெளியை மறுபடியும் மூன்று இடத்தில் அளந்து, புல்லியைக் கையால் சுழற்றி உரசல் இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் பெல்ட் போடவேண்டும்.

இதெல்லாம் கிளட்ச் இருக்கும் கம்ப்ரசருக்கு. சில புதிய கார்களில் கிளட்ச்சே கிடையாது. புல்லியோடு கம்ப்ரசர் எப்போதும் சுழலும், எவ்வளவு அழுத்துவது என்பதை உள்ளே ஒரு மின்வால்வு மாற்றிக்கொண்டிருக்கும். அதில் ‘டக்’ எதிர்பார்த்துக் காது கொடுப்பது வீண். மின்சாரக் கார்களிலும் பல ஹைபிரிட் கார்களிலும் பெல்ட்டே இல்லை, கம்ப்ரசருக்குள்ளேயே உயர் வோல்ட் மோட்டார். ஆரஞ்சு நிறக் கேபிள் அங்கே போவதைப் பார்த்தால் பானட்டை மூடிவிட்டு, அதற்கென்று பயிற்சி பெற்றவரைக் கூப்பிடுங்கள்.

புதுப் பிளேட்டோ புதுப் புல்லியோ போட்டிருந்தால் முகங்கள் ஒன்றோடொன்று பழகவேண்டும். எஞ்சினைச் சற்று உயர்ந்த வேகத்தில் வைத்து ஏசியை இருபது முறை போட்டுப் போட்டு அணையுங்கள், சில நொடி ஓட்டம், சில நொடி ஓய்வு. பிறகு இடைவெளியை இன்னொரு முறை அளப்பது நல்லது.

நான் பழைய பிளேட்டையே போட்டதால் அந்த வேலை இல்லை. மறுநாள் மதியம், வேண்டுமென்றே நெரிசலான நேரம் பார்த்துக் கிளம்பினேன். ஒரு மணி நேரம் கழித்து சிக்னலில் நின்றபோது ஏசி பிரிந்தது, வெறும் காற்று வந்தது, கண்ணாடியை இறக்கக் கை போனது. அதற்குள் முன்னாலிருந்து ‘டக்’.